ஒரே பழுதுக்கு ஒன்பது தடவை ஷோரூம் வாசல்: இனி என்ன செய்யப் போகிறோம்?

(நமது சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் அச்சிட்டு வெளியிடுகிறோம். படித்து முடித்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுங்கள்.)



வழக்கமா நாம கூடினா கரண்ட் பத்திப் பேசுவோம், பாலுக்கு விலை பத்திப் பேசுவோம், பிஏபி தண்ணி பத்திப் பேசுவோம். இன்னிக்கு அதெல்லாம் இல்லை. நம்ம வாசல்ல நிக்கிற டிராக்டரைப் பத்திப் பேசப் போறோம். கடன் வாங்கி வாங்கின வண்டி, ஒரே பழுதுக்குத் திரும்பத் திரும்ப ஷோரூம் போகுது, திரும்பத் திரும்ப அதே பழுதோட வீட்டுக்கு வருது. இது ஒருத்தர் பிரச்சினைன்னு இத்தனை நாள் இருந்துட்டோம். கிளைக் கூட்டங்கள்ல கேட்டா ஊருக்கு ரெண்டு பேர் கை தூக்குறாங்க. அப்போ இது சங்கத்தோட பிரச்சினை.

நம்ம பகுதியில டிராக்டர் ஆடம்பரம் இல்லைங்க. அவினாசி, ஊத்துக்குளி, பல்லடம், காங்கயம் எங்கே போனாலும் காலையில ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வண்டி ஊருக்குள்ள வந்து ஆளை ஏத்திக்கிட்டுப் போயிடுது. நிழல்ல உக்காந்து வாரக் கூலி வாங்குற வேலை இருக்கும்போது வெயில்ல மண்வெட்டி பிடிக்க யார் வருவாங்க? அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஆள் இல்லாத இடத்தை டிராக்டரை வெச்சுத்தான் நிரப்புறோம். அது நின்னா காடு நின்னு போகுது.

அதுவும் நமக்குக் கிடைக்கிற நாள் எத்தனை? மானாவாரிக் காட்டுல ஒரு மழை பெஞ்சா ஈரம் காயறதுக்குள்ள சோளம் விதைச்சாகணும். பிஏபி பாசனத்துல நாலு மண்டலம், ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவைதான் நம்ம மண்டலத்துக்கு முறை வருது. அந்தத் தண்ணி வர்ற சமயத்துல வண்டி ஷோரூம்ல நின்னா, போன ஈரமும் போன தண்ணியும் திரும்பி வராது. பேங்க் தவணை மட்டும் தேதி தவறாம வரும்.

நடந்தது என்ன?

நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருத்தர் கதையைச் சொல்றோம். அவர் பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். விவரம் தெரிஞ்சாப் போதும்.

நாலரை ஏக்கர் காடு. 45 குதிரைத்திறன் வண்டி. ஏழரை லட்சம் ரூபாய். ஆறு மாசத்துக்கு ஒரு தவணைன்னு பேங்க் கடன். மூணாவது மாசமே லிப்ட் இறங்க ஆரம்பிச்சுது. ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்துனா, வரப்பு திரும்பி வர்றதுக்குள்ள அது தானா மண்ணைத் தொடுது. ரோட்டுல போனா இன்னும் மோசம். பின்னாடி தூக்கி வெச்ச கருவி மெல்ல மெல்ல இறங்கித் தார்ல உரசுது.

ஷோரூமுக்கு ஒன்பது தடவை போயிருக்கார். ரெண்டு தடவை ஆயிலும் பில்டரும் மாத்தினாங்க. நாலு தடவை சீலும் ரிங்கும் மாத்தினாங்க. ரெண்டு தடவை "அட்ஜஸ்ட் பண்ணியாச்சு, இனி வராது"ன்னாங்க. கடைசித் தடவை "வண்டியில ஒண்ணும் இல்லீங்க, நீங்க ஓட்டுற விதம் சரியில்லை"ன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. முப்பது வருசமா ஏர் பிடிச்ச மனுசனுக்கு ஓட்டத் தெரியலையாம்.

சங்கத்துக்கு வந்து சொன்னதும் நாம கேட்ட முதல் கேள்வி, "ஜாப் கார்டு எங்கே?" ஒன்பது தடவைக்கு அஞ்சு சீட்டுத்தான் இருந்துது. மிச்சம் நாலு தடவை, "சின்ன வேலைதானே, கார்டு எதுக்கு"ன்னு சொல்லிக் காகிதம் இல்லாமலே வேலை பார்த்து அனுப்பியிருக்காங்க. இருக்கிற அஞ்சு சீட்டுலயும் என்ன எழுதியிருக்கு? ஒண்ணுல "பொது சர்வீஸ்". இன்னொண்ணுல "லிப்ட் செக் செய்யப்பட்டது, சரி". ரொட்டவேட்டர் தானா இறங்குதுன்னு அவர் வாயால சொன்ன வார்த்தை ஒரு சீட்டுலயும் இல்லை.

இதுதான் முக்கியமான இடம், நல்லா கவனிக்கணும். ஒன்பது தடவை அலைஞ்சது உண்மை. காகிதத்துல பார்த்தா அப்படி ஒரு பழுது வந்ததே இல்லை. நாளைக்கு வாரண்டி முடிஞ்ச பின்னாடி "இது புதுப் பழுது, காசு கட்டுங்க"ன்னு சொல்ல அவங்களுக்கு வழி திறந்தே இருக்கு.

பழுது ஏன் தீரலை?

மெக்கானிக் தம்பிகள் மேல நமக்குக் கோபம் இல்லை. அவங்களும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்கதான். ஆனா வேலை நடக்கிற முறையில கோளாறு இருக்கு. அதை நாம புரிஞ்சுக்கணும்.

லிப்ட் எப்படி வேலை செய்யுது? பம்பு ஆயிலை அழுத்தித் தள்ளுது. கண்ட்ரோல் வால்வு அந்த ஆயிலைச் சிலிண்டருக்குள்ள விடுது. சிலிண்டருக்குள்ள பிஸ்டன் நகர்ந்து கையைத் தூக்குது. தூக்கினதும் வால்வு மூடிக்கும், ஆயில் உள்ளேயே சிறைப்பட்டு நிக்கும். அதனாலதான் கருவி மேலேயே நிக்குது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. லிப்ட் மெதுவாத் தூக்குது, திக்கித் திக்கித் தூக்குதுன்னா பம்பையோ, பில்டரையோ, ஆயில் அளவையோ பார்க்கணும். தூக்கினது நிக்காம இறங்குதுன்னா, சிறைப்பட்ட ஆயில் எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ஒண்ணு பிஸ்டன் ரிங் வழியா, இல்லைன்னா வால்வு வழியா. இறங்குற லிப்டுக்குப் பில்டரை மாத்தினா, வயித்து வலிக்குத் தலைக்குத் தைலம் தேய்ச்ச மாதிரி.

ரிங்கை நாலு தடவை மாத்தியும் ஏன் நிக்கலை? சிலிண்டர் உட்சுவர்ல கீறல் இருந்தா, புது ரிங் போட்டாலும் கொஞ்ச நாள்ல அந்தக் கீறலே அதை அறுத்துடும். வால்வுக்குள்ள கசிவு இருந்தா, ரிங்கை நாப்பது தடவை மாத்தினாலும் பிரயோசனமில்லை. ஒரு பாகத்தை மாத்தியும் அதே பழுது திரும்ப வருதுன்னா, அந்தப் பாகம் நோய் இல்லை, நோயோட அடையாளம். அடுத்த பாகத்தைத் திறந்து பார்த்தாகணும்.

ஏன் திறக்க மாட்டேங்கறாங்க? சில நூறு ரூபாய் ரிங்கை டீலரே மாத்திடலாம். முழு லிப்ட் செட்டை மாத்தணும்னா கம்பெனி ஒப்புதல் வேணும், கம்பெனி இன்ஜினியர் வந்து பார்க்கணும், வாரண்டியில காசு கம்பெனி தரணும். அதனால சின்னச் சின்னதா மாத்தி நாளைக் கடத்துறது எல்லாருக்கும் சுலபம். நமக்கு மட்டும்தான் கஷ்டம். வாரண்டிங்கறது ஓடுற கடிகாரம். அது ஓடி முடியட்டும்னு பொறுமையா இருந்தா நஷ்டம் யாருக்கு?

நாம செய்தது

சங்கத்து இளைஞர்கள் சிலர், "ஷோரூமை முற்றுகை போட்டுருவோம்"னு கிளம்பினாங்க. போடலாம். நாம பயந்தவங்க இல்லை. 1970 ஜூன் 19-ஆம் தேதி இதே பெருமாநல்லூர்ல மின் கட்டணத்துல ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கேட்டதுக்கு மூணு விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுல உயிரை விட்டாங்க. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில கோயமுத்தூர் ரோடு முழுக்க மாட்டு வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினவங்க நாம. ஆனா கையில காகிதம் இல்லாம முற்றுகை போட்டா, சாயங்காலம் போலீஸ் வந்து "என்ன ஆதாரம்?"னு கேட்கும்போது நாம முழிக்கணும். காகிதத்தோட போனா அவங்க முழிக்கணும். அதனால முதல்ல ஆதாரத்தைத் தயார் பண்ணினோம்.

முதல் காரியம், லிப்ட் சோதனை. மத்தியப் பிரதேசத்துல புத்னிங்கற ஊர்ல மத்திய அரசோட பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கு. அங்கே டிராக்டரைப் பரிசோதிக்கும்போது, எடையைத் தூக்கி நிறுத்தி, 5 நிமிசத்துக்கு ஒரு தடவை எவ்வளவு இறங்கியிருக்குன்னு 30 நிமிசம் வரைக்கும் அளந்து எழுதுறாங்க. அதே மாதிரியை நாம தோட்டத்துலயே செஞ்சோம். சமதரையில வண்டியை நிறுத்தி, ரொட்டவேட்டரை முழுசாத் தூக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணியாச்சு. பக்கத்துல ஒரு குச்சி நட்டு, டேப்பால அளந்து, 5 நிமிசத்துக்கு ஒரு அளவு. செல்போன்ல நிறுத்தாம வீடியோ. ரெண்டு சாட்சி கையெழுத்து. அவர் மீட்டர் எத்தனை காட்டுதுன்னும் படம். ஒரு எச்சரிக்கை: தூக்கி நிக்கிற கருவிக்குக் கீழே கையையோ காலையோ யாரும் விடக்கூடாது. இறங்குற லிப்ட் ஆளையும் நசுக்கும்.

நம்ம சோதனை அரசாங்க நிலையத்துச் சோதனைக்கு ஈடுன்னு சொல்லலை. ஆனா "ஓட்டத் தெரியலை"ங்கற பேச்சுக்கு அது போதும். இன்ஜின் ஆஃப் ஆகி, வண்டியில ஆளே இல்லாம நிக்கும்போது ரொட்டவேட்டர் மண்ணுக்கு வந்துருச்சு. அப்போ யார் ஓட்டினது?

ரெண்டாவது காரியம், கடிதம். டீலருக்கு ஒண்ணு, கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு ஒண்ணு, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால். வண்டி எண், சேஸிஸ் எண், வாங்கின தேதி, ஒன்பது தடவை போன தேதியும் செஞ்ச வேலையும், சோதனை அளவு எல்லாம் வரிசையா எழுதினோம். ஜாப் கார்டு இல்லாத நாலு தடவைக்குப் போன் பேசின தேதியையும், அன்னிக்கு வண்டியை ஏத்திப் போன வாடகை ரசீதையும் சேர்த்தோம். கேட்டது ஒண்ணே ஒண்ணு: "15 நாளைக்குள்ள கம்பெனி இன்ஜினியர் வந்து, எங்க முன்னாடி லிப்டைத் திறந்து, பழுதோட காரணத்தை எழுத்துல கொடுக்கணும்." திட்டி ஒரு வார்த்தை இல்லை.

இன்ஜினியர் வந்தார். திறந்தார். சிலிண்டர்ல கீறல். நாலு ரிங்கையும் தின்னது அதுதான். முழு லிப்ட் செட்டையும் வாரண்டியிலேயே மாத்திக் கொடுத்தாங்க. இப்போ வண்டி நிக்குது, அதாவது தூக்கினது தூக்கினபடி நிக்குது. ஒன்பது நடைக்கு வராத தீர்வு ஒரு பதிவுத் தபாலுக்கு வந்துது.

ஆனா கணக்கு முடியலைங்க. ஒரு பட்டம் விதைப்பு போச்சு. உழவுக்கு வெளி வண்டி வெச்சது, ஏத்தி இறக்கின வாடகை, அலைச்சல், அதுக்கெல்லாம் யார் பதில்? அதுக்குத்தான் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகுது.

சட்டம் நமக்கு என்ன சொல்லுது?

1986-ஆம் வருசத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போய், 2019-ஆம் வருசத்துச் சட்டம் 2020 ஜூலை 20-லிருந்து நடைமுறைக்கு வந்துருச்சு. அதுல நமக்குச் சாதகமானது சில இருக்கு.

ஒண்ணு, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். கம்பெனி தலைமை அலுவலகம் எந்த மாநிலத்துல இருந்தாலும் அவங்கதான் இங்கே வரணும்.

ரெண்டு, கட்டணம். பொருளுக்கு நாம கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்லை. 5-லிருந்து 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய். 20 லட்சம் வரைக்கும் 400 ரூபாய். 50 லட்சம் வரைக்கும் 1,000 ரூபாய், அதுவரைக்கும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நம்ம உறுப்பினருக்கு 200 ரூபாய். வக்கீல் வெச்சுக்கலாம், இல்லாமலும் நாமே வாதாடலாம்.

மூணு, காலக்கெடு. 2 வருசத்துக்குள்ள மனு போடணும். "கடைசியாப் பழுதான நாள்லேருந்து எண்ணிக்கலாம்"னு இருந்துடாதீங்க. பழுது முதல்ல தெரிஞ்ச நாள்லேருந்து எண்ணிக்கிறதுதான் பாதுகாப்பு.

நாலு, பழுதுக்கு ஆதாரம். சோதனை செஞ்சாத்தான் குறை தெரியும்னா ஆணையம் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கலாம். அதுக்கு நாம மனுவுலயே கேட்கணும், கட்டணமும் கட்டணும். அதுவரைக்கும் வாரண்டி வண்டியை வெளி மெக்கானிக்கிட்ட பிரிக்கக் கொடுக்காதீங்க. பிரிச்சா "நீங்களே கெடுத்துட்டீங்க"ன்னு ஒரே வார்த்தையில தப்பிச்சுக்குவாங்க.

இனி கம்பெனி வக்கீல் முதல்ல என்ன சொல்வார்னும் தெரிஞ்சுக்கணும். "இவர் நுகர்வோரே இல்லை, தொழில் லாபத்துக்கு வாங்கினவர்"னு சொல்வார். இதுக்குப் பதில் நம்ம கோயமுத்தூர்ச் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குலயே இருக்கு. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ்ங்கற நிறுவனம் கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் மேல இயந்திரம் சரியில்லைன்னு போட்ட வழக்குல, 1995-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. இயந்திரம் வாங்கின நிறுவனம் பெரிய அளவுல தொழில் நடத்துறதால நுகர்வோர் இல்லைன்னு முடிவாச்சு. ஆனா அதே தீர்ப்புல, சுயதொழில் செஞ்சு பிழைக்கிறதுக்காக ஒருத்தர் ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டினா அவர் நுகர்வோர்தான்னும், உதவிக்கு ஒண்ணு ரெண்டு ஆள் வெச்சுக்கிட்டாலும் அந்த உரிமை போகாதுன்னும் சொல்லியிருக்கு. அதனால மனுவுல இந்த வரியை மறக்காம எழுதுங்க: "என் குடும்பப் பிழைப்புக்காக, சுயதொழிலாக, நானே ஓட்டுவதற்கு வாங்கியது." மிச்ச நேரத்துல பக்கத்துக் காட்டுக்கு வாடகை உழவு ஓட்டுறதும் பிழைப்புத்தான். பத்து வண்டி வெச்சு ஆள் போட்டு வாடகைக்கு விடுறவருக்கு இந்த வாதம் நிக்காது.

விவசாயி நுகர்வோர்தாங்கறதுக்கு இன்னொரு பலம் 2012-ல வந்துது. தேசிய விதைக் கழகத்துக்கும் மதுசூதன் ரெட்டிங்கற விவசாயிக்கும் நடந்த வழக்குல, விதைக்குத் தனிச் சட்டம் இருக்கு, நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாதுங்கற வாதத்தை உச்ச நீதிமன்றம் தள்ளிருச்சு.

பாதகமானதையும் ஒளிக்காமச் சொல்லணும். "புது வண்டி கொடு, இல்லைன்னா முழுப் பணத்தையும் கொடு"ன்னு கேட்டா உடனே கிடைச்சுடாது. 2006-ல ஒரு கார் வழக்குல, தேசிய ஆணையம் புது வண்டி கொடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் மாத்திருச்சு. வாரண்டியில பழுதான பாகத்தை மாத்தித் தர்றதாத்தான் இருக்கு, அதனால பாகத்தை மாத்தினாப் போதும்னு சொல்லுச்சு. ஆகவே மனுவுல கோரிக்கையை அடுக்கி வைக்கணும். முதல்ல பழுதை முழுசா நீக்கணும். முடியாட்டி வண்டியை மாத்தணும். அதுவும் முடியாட்டி பணம் திருப்பணும். எதுவானாலும் நஷ்ட ஈடும் செலவுத் தொகையும் தனி. டீலரை மட்டும் சேர்த்துட்டுக் கம்பெனியை விட்டாலும், கம்பெனியை மட்டும் சேர்த்துட்டு டீலரை விட்டாலும் ஒருத்தர் மேல ஒருத்தர் கை காட்டுவாங்க. ரெண்டு பேரையும் சேருங்க.

"கேஸ் போட்டா வருசக் கணக்காகும்"னு சிலர் சொல்றீங்க. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், அதுக்கு மேல 15 நாள், அவ்வளவுதான்னு 2020-ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிருச்சு. சட்டப்படி 3 மாசம், ஆய்வுக்கூடச் சோதனை இருந்தா 5 மாசத்துல முடிக்கணும். நடைமுறையில தாமதம் ஆகுது, மறுக்கலை. ஆனா கம்பெனி மேல்முறையீடு போகணும்னா தீர்ப்புத் தொகையில பாதியைக் கட்டிட்டுத்தான் போகணும். உத்தரவை மதிக்கலைன்னா ஒரு மாசத்துலேருந்து மூணு வருசம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு. அதனாலதான் ஆதாரம் சரியா இருக்கிற மனுவைப் பார்த்ததும் சமாதானத்துக்கு வர்றாங்க.

காகிதத்தோட பலம் நமக்குப் புதுசு இல்லை. நொய்யல்ல சாயத் தண்ணி ஓடினப்போ, ஆயக்கட்டு விவசாயிகள் வருசக் கணக்கா வழக்கு நடத்தினாங்க. 2011 ஜனவரி 28-ல சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுது. ஆயிரக்கணக்கான கோடி புரள்ற தொழிலை நிறுத்த வெச்சது, தண்ணியை அளந்து எழுதின ஆதாரமும், விடாம நடந்த விவசாயியோட காலும். ஒரு லிப்ட் என்ன பெரிய விசயம்?

ஒவ்வொருத்தரும் இன்னிக்கே செய்ய வேண்டியது

வண்டி வாங்கும்போது வாரண்டிப் புத்தகத்தை வாங்கி, எத்தனை மாசம், எத்தனை மணி நேரம்னு பார்த்து முதல் பக்கத்துல எழுதி வைங்க. பில்லைப் பாருங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு.

ஷோரூமுக்கு எத்தனை தடவை போனாலும் ஜாப் கார்டு இல்லாம வண்டியை விடாதீங்க. நீங்க சொல்ற குறை உங்க வார்த்தையிலேயே எழுதப்படணும். தெரியாத பாஷையில எழுதினா, கீழே தமிழ்ல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி, அவர் மீட்டர் மூணும் வேணும். "திருப்தி"ன்னு கையெழுத்துக் கேட்டா, "ஓட்டிப் பார்த்த பிறகு"ன்னு எழுதிப் போடுங்க.

மாத்தின பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுங்க. வீட்டுல ஒரு நாப்பது பக்க நோட்டுப் போட்டுத் தேதி வாரியா எழுதுங்க. வீட்டுல படிக்கிற பிள்ளைகிட்ட அந்த வேலையைக் கொடுங்க.

ரெண்டாவது தடவை அதே பழுது வந்தா வாய்ப் பேச்சை நிறுத்திட்டு எழுத்துல கொடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுல பதிவு பண்ணினா ஒரு எண் கொடுப்பாங்க, அதையும் நோட்டுல எழுதுங்க.

வண்டி நிக்கிற நாள்ல வெளி வண்டி வெச்சா ரசீது வாங்குங்க. வேளாண்மைப் பொறியியல் துறையோட இ-வாடகையில அரசு வண்டி எடுத்தாலும் ரசீது வரும். அதுதான் நாளைக்கு நஷ்டத்துக்குச் சாட்சி.

பழுதுன்னு சொல்லிப் பேங்க் தவணையை நிறுத்தாதீங்க. கடன் வேற, பழுது வேற. தவணை தவறினா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, ஆதாரமும் அதோட போயிடும்.

சங்கத்தின் கோரிக்கைகள்

கட்டை வண்டி அச்சு முறிஞ்சா ஊர் ஆசாரி சரி பண்ணினார். இன்னிக்கு நம்ம வண்டியை நாமே சரி பண்ண முடியாதபடி பாகமும் கையேடும் கம்பெனி கையில இருக்கு. இது நம்ம ஊர்க் கஷ்டம் மட்டும் இல்லை. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம், விவசாயி தன் வண்டியைத் தானே பழுது பார்க்கிற உரிமைக்கு 2023-ல சட்டமே போட்டு, 2024 ஜனவரியிலேருந்து அமலுக்குக் கொண்டு வந்திருக்கு. நம்ம மத்திய அரசும் 2022-ல பழுது பார்க்கும் உரிமைக்குக் குழு போட்டுச்சு. அதுல முதல் வரிசையிலேயே விவசாயக் கருவிகளைச் சேர்த்துச்சு. வலைத்தளமும் திறந்தாங்க. வலைத்தளம் உழவு ஓட்டாது, சட்டம் வேணும்.

ஆகவே நாம கேட்கிறது இவைதான்:

1. விவசாயி சொல்லும் குறையை அப்படியே தமிழில் எழுதிய ஜாப் கார்டு, ஒவ்வொரு முறையும் கட்டாயம் தர வேண்டும்.

2. ஒரே பழுது மூன்றாவது முறை வந்தால், கம்பெனி இன்ஜினியர் 7 நாளுக்குள் நேரில் வந்து காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

3. வண்டி ஒர்க் ஷாப்பில் நின்ற நாட்களை வாரண்டியில் கூட்டித் தர வேண்டும்.

4. விதைப்புக் காலத்தில் மாற்று வண்டி தர வேண்டும்.

5. அரசு மானியத்தில் விற்ற வண்டிக்கும் கருவிக்கும் வரும் புகார்களை வேளாண்மைப் பொறியியல் துறை பதிவு செய்ய வேண்டும். புகார் தீர்க்காத கம்பெனியை மானியப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

6. பாகங்களும் பழுது பார்க்கும் கையேடும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க விவசாயக் கருவிகளுக்கெனச் சட்டம் இயற்ற வேண்டும்.

அடுத்து வர்ற மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல கலெக்டர் முன்னாடி இந்த ஆறையும் வைக்கிறோம். வெறுங்கையோட வராதீங்க. டிராக்டரோ, பவர் டில்லரோ, மினி வேனோ, எதுல ஒரே பழுது திரும்பத் திரும்ப வருதோ, அதோட ஜாப் கார்டு நகல், நோட்டு, ரசீது எல்லாத்தையும் கொண்டு வாங்க. ஜாப் கார்டு இல்லாதவங்க இந்த வாரமே ஷோரூம் போய், போன தடவைகளோட விவரத்தை எழுத்துல கேளுங்க. தர மறுத்தா, மறுத்ததையும் எழுதி வைங்க. ஒருத்தர் சீட்டு ஒரு புகார். ஐம்பது பேர் சீட்டு சேர்ந்தா, அந்த மாடல்லயே குறைன்னு காட்ட அதுதான் ஆதாரம்.

கலெக்டர்கிட்ட கொடுத்தும் நடக்கலைன்னா, பழுதான வண்டிகளையே வரிசையா ஓட்டிக்கிட்டுப் போய்க் கலெக்டர் ஆபீஸ் முன்னாடி நிறுத்துவோம். ஓடாத வண்டியை மாடு கட்டி இழுத்துக்கிட்டு வருவோம். மாடு கட்ட நாம இன்னும் மறக்கலை.

கடன்பட்டு வாங்கின பொருள் ஒழுங்கா வேலை செய்யணும்னு கேட்கிறது பிச்சை இல்லை, உரிமை. அதை எழுதிக் கேட்போம், சேர்ந்து கேட்போம், கிடைக்கிற வரைக்கும் கேட்போம்.



உழவர் ஒற்றுமை ஓங்குக!